மாதுளைக்குப் பிரெஞ்சில் என்ன பெயர்

சிவகாசி,
புரட்டாசி கடைசி வெள்ளி

அன்பு மகள் கற்பகவல்லிக்கு அப்பா எழுதுவது. இங்கு நான் நலம். பிரான்ஸ் குளிரில் நீயும் ஸ்வெட்டரும் கையுமாகச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் என்றால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் கூரியரில் அனுப்புகிறேன்.

மழை தள்ளிப்போனதால் லோடு தடையில்லாமல் போகிறது. இந்தூர் வியாபாரி நம் புஸ்வாணத்தை இன்னும் கூடுதலாகக் கேட்கிறார். வடக்கே அதை 'அனார்', அதாவது மாதுளை என்றுதான் கேட்டு வாங்குவார்கள். அதை வைத்துத்தான் போன மாதம் மாதுளைக்குப் பிரெஞ்சில் என்ன பெயர், லேபிளில் போடலாமா என்று உன்னிடம் கேட்டேன்.

'கிரெனாட்' என்றாய். கையெறி குண்டுக்கும் அங்கே அதே பெயர்தானாம். பழத்துக்குள் முத்து மாதிரி குண்டுக்குள் வெடிமருந்து அடைந்து கிடந்ததால், பழத்தின் பெயரையே குண்டுக்கும் வைத்துவிட்டார்கள் என்றாய். லத்தீனில் தானிய மணிக்கு 'கிரானும்'; அதன் வழியில் வந்தவைதான் இங்கிலீஷில் 'கிரெய்ன்', சிவப்பு கார்னெட் கல், ஸ்பெயின்காரர்களின் 'கிரனாடா' எல்லாம் என்று சொந்தக்காரர்களைச் சொல்வது போலச் சொன்னாய். அனார் மட்டும் பாரசீகத்துப் பிள்ளை, இந்தக் குடும்பத்தில் சேராது என்று தள்ளியும் வைத்தாய். குண்டின் பெயரைப் பட்டாசில் போட்டால் சூலக்கரை எஸ்.பி. ஆபீசுக்குக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்றேன். சிரித்தாய். அம்மா போன பிறகு நீ என்னிடம் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

உள்ளதைச் சொல்கிறேன். லேபிள் அதற்கு முன்பே திருத்தங்கல் அச்சகத்தில் ஓடி முடிந்துவிட்டது. எப்போது வருகிறாய் என்று கேட்டால் 'பார்க்கலாம்ப்பா' என்று போனை வைத்துவிடுகிறாய். ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டால் வைப்பதில்லை. நான் வியாபாரி, உன்னிடம் எது விலை போகும் என்று பார்த்துக் கேட்டேன்.

நேற்று உன் பெரியப்பா மகன் மணிகண்டராஜ் நம் சரக்குக் கிட்டங்கிக்கு வந்தான். "சித்தப்பா, கற்பகத்துக்கு அங்கனயே வேலை கிடைச்சிருச்சாம்ல. ஒங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு முழிக்கா" என்றான். எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். லோடு ஏற்றுகிறவர்கள் முன்னால் வேறு என்ன சொல்ல?

சேர்ந்துகொள், தாயி. உன் மொழிப் படிப்புக்கு இங்கே வேலை இல்லை. நானும் விசாரித்துப் பார்த்துவிட்டேன். கம்பெனியைக் கவனிக்க ஆள் இருக்கிறது. மெஸ் சாப்பாடும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமைதான் அடைத்துவிடுகிறார்கள்.

கேட்பதற்கு என்னிடம் இனி அதிகம் சொல் இல்லை. ஒரு தடவை நீயாகக் கூப்பிட்டு என்னிடம் ஏதாவது கேள். எதுவாக இருந்தாலும் சரி.

நல்லா இரு.

உன் அப்பா,
ராஜபாண்டியன்