பச்சைக் கயிறு பேச்சியம்மாளுடையது

எட்டுக் கயிற்றில் பச்சையைப் பிடித்தவளே, என் பேச்சி,

நம் கல்லூரி மண்டபத்துப் பரிசுப் பலகையில் உன் பெயர் ஏறுகிறது. கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட கடிதம் நேற்றுக் காலைத் தபாலில் வந்தது. பழக்கதோஷம், தொலைபேசியில் அவரையே கூப்பிட்டும் கேட்டுக்கொண்டேன். கோமதி என்ற பெயரை அழித்துவிட்டுப் பேச்சியம்மாள் என்று எழுதப் பெயின்டரிடம் சொல்லியாகிவிட்டதாம். ஆயுசு முழுக்கச் செய்தி எழுதியவள் நான். இதைவிட நல்ல செய்தி எதையும் எழுதியதாக நினைவில்லை. நீ போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது என்பது கடிதத்தைப் படித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

இதைப் படிக்கிறவர்களுக்கு நடந்தது தெரியாது. உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

அறுபதுகளின் நடுவில், விருதுநகரில் நாம் படித்த பெண்கள் கல்லூரிக்கு இரண்டு விடுதிகள் இருந்தன. வத்தல், எண்ணெய், பருப்பு வியாபாரிகளின் பிள்ளைகளும் பட்டாசுக் கம்பெனி முதலாளிகளின் பிள்ளைகளும் இருந்தது பெரிய விடுதி. நான் அங்கே. தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்கு அரசு நடத்திய விடுதி சாலைக்கு அந்தப் பக்கம். விஸ்வநத்தத்திலிருந்து வந்த நீ அங்கே. வகுப்பில் ஒரே பெஞ்சு வரிசை, ஆனால் தண்ணீர்ப் பானை வேறு வேறு. ஆண்டு விழா வந்தால் ஆட்டத்தில் இரண்டு விடுதிக்கும் போட்டி. பவுடரை அப்பிக்கொண்டு வரும் எங்களுக்கு நீங்கள் வைத்த பெயர் 'மாவு மூட்டை'. நாங்கள் உங்களுக்கு வைத்த பெயர் அச்சில் ஏறத் தகாதது. இன்றும் எழுத மாட்டேன்.

அந்த வருஷமும் உங்கள் கும்மியை எங்கள் பின்னல் கோலாட்டம் தோற்கடித்தது. நடுவர்களில் இருவர் எங்கள் விடுதிப் பிள்ளைகளின் சித்தப்பாமார் என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறேன். வென்ற குழு, மதுரையிலிருந்து வரும் கல்லூரியோடு மோத வேண்டும். அதற்கு நான்கு நாள் இருக்கும்போது எங்களில் எட்டாவதான கோமதிக்கு அம்மை போட்டுவிட்டது.

பின்னல் கோலாட்டத்தை ஏழு பேர் ஆட முடியாது. கம்பத்து உச்சியிலிருந்து எட்டு நிறக் கயிறுகள் தொங்கும். நாலு பேர் வலமாகவும் நாலு பேர் இடமாகவும், ஒருவரைச் சுற்றி வெளியே, அடுத்தவருக்கு உள்ளே என்று மாறி மாறிப் போனால் கயிறு சடையாகப் பின்னிக்கொள்ளும். பிறகு அதே வழியில் திரும்பி ஆடிப் பின்னலைப் பிரிக்க வேண்டும். முழுக்கப் பிரிந்தால்தான் வெற்றி. இந்த அடவெல்லாம் தெரிந்த இன்னொருத்தி கல்லூரியிலேயே நீ ஒருத்திதான். எங்கள் ஒத்திகையைத் தினமும் சுற்றுச்சுவர் மேல் உட்கார்ந்து பார்த்துக் கேலி செய்தவள் நீ. கேலி செய்வதற்காகவாவது எல்லாவற்றையும் கற்று வைத்திருந்தாய்.

உன்னைக் கூப்பிட வந்தவள் நான். குழுவில் எழுத்து வேலை என்னுடையது, அதனால் என்னை அனுப்பினார்கள். நீ துணி அலசிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்ன மொதலாளியம்மா, மாவு கொறஞ்சு போச்சோ?"

சிரிக்காமல் விஷயத்தைச் சொன்னேன். நீ துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் பேசினாய்.

"ஆட வாரேன். ஆனா போட்டித் தாள்லயும் ஆண்டு மலர்லயும் எம் பேரை எழுதணும், பக்கத்துல எந்த விடுதின்னும் எழுதணும். உங்க விடுதிப் பிள்ளைன்னு சொல்லி மேடை ஏத்தினீகன்னா, பாதி ஆட்டத்துல கயித்த விட்டுட்டு எறங்கிருவேன்."

எழுதுகிறேன் என்று சத்தியம் செய்தேன். என் சத்தியத்தின் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் ஒத்திகையில் பின்னல் விழுந்தது, பிரியவில்லை. பாதிக் கம்பத்தில் சிக்கி நின்றுவிட்டது. பழி உன் மேல்தான் விழுந்தது. புதுசு, அடவு தெரியவில்லை, அந்த விடுதிக்கே தாளம் வராது என்று ஆளுக்கு ஒன்று சொன்னோம். நீயோ ஸ்டூலைப் போட்டு ஏறி, சிக்கை விரலால் தடவித் தடவிப் பார்த்தாய். மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் இருந்தது.

"லீவுக்குப் போனா சரவெடி பின்னுறவ நான். ஒரு வெடியோட திரி எடம் மாறினாலும் சரம் பாதியில நின்னு போகும். எங்கன மாறுச்சுன்னு கையி சொல்லிரும்." அப்புறம் கயிற்றைக் காட்டினாய். "என் பச்சைக்கு உள்ள பூந்து போக வேண்டியது ரெண்டு பேரு. செவப்பு ரெண்டு தடவை வெளிய சுத்திப் போயிருக்கு. நீலம் அம்புட்டுத் தடவையும் வெளியதான் போயிருக்கு. நீலம் யாரு?"

நீலம் என் கையில் இருந்தது.

உள்ளே போக வேண்டுமென்றால் நீ தூக்கிய கைக்கு அடியில் குனிந்து, உன் தோள் உரசப் போக வேண்டும். நான் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முழம் தள்ளி வெளியே போயிருந்தேன். அதை நானே உணரவில்லை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல, பேச்சி. கால் தானாகப் போகவில்லை. நான்தான் போனேன்.

"நான் ஒட்டிக்கிற சாதியில்ல, அம்மைதான் ஒட்டும்," என்றாய். முதலில் சிரித்தது சிவப்புக் கயிற்றுக்காரி. பிறகு எல்லோரும். கடைசியில் நானும். மறு ஆட்டத்தில் நான் உன் கைக்கு அடியில் குனிந்து உள்ளே போனேன். உன் வியர்வையும் என் பவுடரும் கலந்து என் ரவிக்கைத் தோளில் வெள்ளைக் கோடு விழுந்தது. பின்னல் கடைசி முடிச்சு வரை பிரிந்தது. அன்றைக்குப் பிறகு எந்தச் சுற்றிலும் சிக்கவில்லை.

போட்டி அன்று மதுரைப் பெண்கள் சந்தன நிறத்தில், ஒரே மாதிரி பட்டில் வந்தார்கள். வெயிலில் வளர்ந்த நம் எட்டுப் பேரையும் மேலும் கீழும் பார்த்து, கரிமருந்துக் கும்பல் வந்திருக்கிறது என்று ஒருத்தி காதுபடச் சொன்னாள். பவுடர் பூசிய நாங்கள் ஏழு பேரும் முகம் சுருங்கிப் போனோம். இரண்டு விடுதிக்கு நடுவில் நாங்கள் போட்டிருந்த கோடு அவர்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. நீ மட்டும் வெகு மரியாதையாகத் திரும்பினாய்.

"கரிமருந்துதாங்க. பத்த வச்சிட்டீக, இனித் தள்ளி நில்லுங்க."

பிறகு நடந்தது எல்லோரும் பார்த்ததுதான். மேடை ஏறுமுன் ஏழு பேரும் முகத்தைக் கழுவிக்கொண்டோம். பின்னல் கம்பத்தில் பாம்புத் தோல்போல் இறங்கியது. திரும்பி ஆடும்போது மண்டபத்தில் கோல் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. கடைசிச் சுற்றில் எட்டுக் கயிறும் எட்டுப் பக்கம் விரிந்தபோது, சாலைக்கு அந்தப் பக்கத்து விடுதி முழுவதும் பெஞ்சு மேல் ஏறி நின்று குலவை போட்டது. எங்கள் விடுதியும் அவர்களோடு சேர்ந்து போட்டது. கேடயம் நம் கைக்கு வந்தது. நீ அதை ஒரு நிமிஷம் தலையில் வைத்துக்கொண்டு ஆடினாய்.

அப்புறம் என் சத்தியம். ஆண்டு மலருக்கு நான்தான் செய்தி எழுதினேன். உன் பெயரும் விடுதியும் சரியாகவே எழுதினேன். சிவகாசி அச்சகத்திலிருந்து சரிபார்க்க வந்த தாளில் எட்டாவது பெயர் கோமதி என்று இருந்தது. விடுதிக் காப்பாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர்தான் மாற்றியிருந்தார். கோமதியின் அப்பா விடுதிக்குக் கட்டடம் கட்டித் தந்தவர், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். நான் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினேன். மலரைப் பார்த்துத்தான் பலகை எழுதினார்கள்.

நீ மலரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மை போட்டவ ஆடியிருக்கா, நல்லவேளை, ஒருத்தருக்கும் ஒட்டல," என்றாய். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பத்திரிகைக்குப் போன பிறகு எத்தனையோ பெயர்களைத் தேடிப் போய்ச் சரிபார்த்தேன். ஒரு எழுத்துப் பிசகினால் மறுநாளே திருத்தம் போட வைத்தேன். அதற்குக் காரணம் நீ என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

மல்லாங்கிணற்றில் கணக்கு டீச்சராகி, தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றாய். என் வீட்டு விசேஷம் ஒன்றிலும் நீ பந்தியில் முதல் வரிசை தவிர வேறெங்கும் உட்கார்ந்ததில்லை. போன வருஷம் உடம்பு முடியாமல் படுத்திருந்தபோது ஒரே ஒரு தடவை கேட்டாய்.

"அந்தப் பலகை இன்னும் அங்கனதான் கெடக்கா, ஏட்டி?"

இருக்கிறது என்றேன். சரி என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

மறுநாளே தொடங்கினேன். ஆனால் நீ அவகாசம் தரவில்லை. ஒரு செய்திக்கு இரண்டு ஆதாரம் வேண்டும் என்பது என் தொழில். முதலாவது, நூலக இருட்டறையில் கிடைத்த போட்டித் தாள். அதில் பச்சை என்ற இடத்துக்கு நேரே உன் கையெழுத்து, பக்கத்தில் உன் விடுதியின் பெயர், இரண்டுக்கும் கீழே நீ அழுத்திப் போட்ட கோடு. இரண்டாவது, கோமதியே முதல்வருக்கு எழுதிய கடிதம். 'அன்றைக்கு நான் வேப்பிலையில் படுத்திருந்தேன், ஆடியது பேச்சியம்மாள். இத்தனை வருஷம் ஆடாத ஆட்டத்துக்கு வாழ்த்து வாங்கி அலுத்துவிட்டது' என்று எழுதியிருக்கிறாள். அவளுக்கு உன்னைவிட வாய் அதிகம்.

இன்னும் ஒன்று முடிவாகவில்லை. பெயரோடு விடுதியையும் எழுத வேண்டுமா, இந்தக் காலத்தில் அது எதற்கு என்று கல்லூரியின் விழாக் குழுவில் ஒருவர் கேட்கிறாராம். உன் நிபந்தனையை எழுதிக் கொடுத்திருக்கிறேன், நீ கோடு போட்ட தாளின் நகலோடு. வருகிற புதன்கிழமை காலை பதினோரு மணிக்குக் குழு கூடுகிறது. பலகை அடுத்த வெள்ளிக்கிழமை, ஆண்டு விழா அன்று மாட்டப்படும். பெயின்டரின் மாதிரித் தாளை முதலில் எனக்குக் காட்டுவதாக முதல்வர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை இரண்டு வரியும் இருந்தால்தான், பேச்சி, கையெழுத்துப் போடுவேன்.

உன் சேக்காளி,
உன் கைக்கு அடியில் புகுந்து போன நீலக் கயிறு,
செண்பகம்