ஃபைலுக்குள் போன கடைசிப் பக்கம்

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகம்தானே? மற்றதெல்லாம் அப்புறம், முதலில் உட்கார். உன் தங்கை எழுதிய கதை அச்சில் வந்துவிட்டது! நாற்பத்திரண்டு வயதில், பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் டோக்கன் கொடுக்கிறவளின் கதை, நாலு பக்கம், படத்தோடு! என் பேரைப் பார்த்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏழாம் நம்பர்க்காரரை இரண்டு தடவை டாக்டரிடம் அனுப்பிவிட்டேன்.

இவர் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் பத்திரிகையைக் காட்டி, "எம் பொண்டாட்டி எழுதினது" என்கிறார். போன வாரம்வரை "ஏதோ கிறுக்குறா" என்றவர்தான்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை படித்தார். "மூத்தவ வராததை அப்படியே எழுதிட்டியே" என்றார். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

ஆமாம் அக்கா, அது அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றிய கதை. வெளிநாட்டில் இருக்கும் மூத்த மகள் வருவதற்குள் அம்மா போய்விடுகிறாள். அச்சில் கதை அங்கேயே முடிகிறது. ஆசிரியர்கூட முடிவை ஓகோவென்று புகழ்ந்து எழுதியிருந்தார். ஆனால் நான் அப்படி முடிக்கவில்லை. வேலைக்கு நடுவே, வீணாய்ப்போன அப்பாயின்ட்மென்ட் தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதுவேன். கடைசித் தாள் யாரோ ஒருவருடைய ஃபைலுக்குள் போய்விட்டது. டைப் அடிக்கும் கடைக்காரர் கொடுத்ததை அடித்துத் தந்தார், நானும் அவசரத்தில் படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். முந்தாநாள் டாக்டரம்மா அந்த ஃபைலைப் பிரித்துவிட்டு, "இவர் பல்லுக்கும் உங்க அக்காவுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டார்.

அதில் இருந்ததை உனக்கு நேராகவே சொல்கிறேன். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தது ஞாயிற்றுக்கிழமை. உனக்கு நான் போன் செய்தது வியாழக்கிழமை. "திடீர்னு ஆயிடுச்சு" என்று சொன்னது பொய். அப்பாவிடமோ ஞாயிற்றுக்கிழமையே உனக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னேன். கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் என்ற பேர் எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். மூன்று வருடமாக அப்பா உன்னோடு பேசாமல் இருப்பது என்னால்தான். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

விட்டுப்போன பக்கத்தை அடுத்த இதழில் போடச் சொல்லி ஆசிரியருக்குப் போன் செய்தேன். "கதை கெட்டுடும்மா" என்றார். கெட்டால் கெடட்டும், போட்டே ஆகவேண்டும் என்றேன். கடைசியில் சரி என்றுவிட்டார். முதல் கதை வந்த கையோடு ஆசிரியரிடம் மல்லுக்கு நின்றவள் நானாகத்தான் இருப்பேன்! அதிலும் எனக்கு ஒரு சந்தோஷம்தான்.

இன்று காலை அந்தத் தாளை அப்பாவிடம் கொடுத்தேன். என்னைத் திட்டவில்லை. உன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். உடனே கூப்பிட அவருக்குக் கூச்சம். முதலில் இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரட்டும் என்கிறார். கிடைத்ததா, கிடைத்ததா என்று இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பத்திரிகையையும் இதோடு வைத்திருக்கிறேன். படிக்க மனம் வந்தால் படி. என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. அப்பா கூப்பிட்டால் மட்டும் எடுத்துவிடு அக்கா.

உன் தங்கை