ரூபி நிற்கும் மேடு

ஹாலிஃபாக்ஸ்,
9 நவம்பர் 1926

அன்பு மகள் ஹெட்டிக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் எழுந்து நடமாடுகிறோம். நீயும் மாப்பிள்ளையும் கடல் தாண்டி அந்தக் கனடாக் குளிரில் இருமாமல் இருந்தால் அதுவே போதும்.

பால் லாரிகள் வந்த பிறகும் அப்பா குதிரை வண்டி ஓட்டுவது செத்த குதிரையை அடிக்கிற கதை என்று எழுதியிருந்தாய். தேய்ந்துபோன தொழிலைக் கட்டி அழுவதைத்தான் சொன்னாய், தெரியும். ஆனால் நான் வழக்கம்போல அதை உரக்கப் படித்துத் தொலைத்தேன். அப்பா கையிலிருந்த கோப்பை கீழே விழுந்துவிட்டது. நம் குதிரை கேப்டன் செத்த விதத்தை உனக்கு மறைத்தது என் தப்பு. சேப்பல் மேட்டில் அது மண்டியிட்டுச் செத்திருக்கிறது. வண்டிக் கட்டைகள் தாங்கியதில் சாயவில்லை. அந்த ஏற்றத்தில் எப்போதும் முரண்டு பிடிக்குமே, இன்றும் நடிக்கிறான் என்று உன் அப்பா சவுக்கால் விளாசியிருக்கிறார். எதிர்வீட்டு மிஸஸ் ஓக்டன், "யோவ் நிறுத்துய்யா, அது எப்பவோ போயிடுச்சு" என்று ஓடிவந்து கையைப் பிடித்தாளாம். அன்றே சவுக்கை அடுப்பில் போட்டார்.

பிறகு வெளியூர்ச் சந்தையில் ரூபி என்ற குதிரையை வாங்கினோம். முதல் நாளே அது நம் வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றின் வாசலிலும் தானாக நின்றதடி. கேப்டனுக்குத்தான் அந்த வழக்கம், இதற்கு யார் சொன்னார்கள்? சேப்பல் மேட்டில் மட்டும் நடுங்கிக்கொண்டு நின்றுவிடும். வீடு திரும்பினால் முதுகில் புதுத் தடிப்பு இருக்கும். அப்பாவைத்தான் சந்தேகப்பட்டேன், வாய்க்கு வந்தபடி திட்டவும் செய்தேன். வியாழக்கிழமை பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பட்டப்பகல், தெருவில் ஒரு ஆள் இல்லை. சுளீர் என்று சவுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. ரூபி துள்ளியது. உன் அப்பா கோட்டைக் கழற்றிவிட்டு அதன் முதுகின் மேல் கவிழ்ந்துகொண்டார். அதன்பின் ரூபிமேல் ஒரு கோடுகூட இல்லை. அவர் முதுகுத் தடிப்புகளில்தான் வாத்துக் கொழுப்பைத் தடவிக்கொண்டிருக்கிறேன். வண்டியையும் ரூபியையும் விற்றுவிடலாம் என்றால், "வாங்குறவன் என்ன பாவம் பண்ணான்? இது எனக்கு வந்தது, நானே வாங்கிக்கறேன்" என்கிறார். ஹெட்டி, அறுபத்து மூன்று வயது உடம்பு எத்தனை நாள் தாங்கும்?

அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, வண்டிப் பேச்சு மட்டும் வேண்டாம். கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே. கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. நாளைக்கு நானும் மேட்டுக்குப் போகிறேன், அவரிடம் சொல்லவில்லை. அவர் ரூபியின் மேல் கவிழ்ந்தால், நான் அவர்மேல் கவிழ்ந்துகொள்வேன்.

உன் அம்மா,
மார்த்தா சட்கிளிஃப்