பாகங்களைக் குறிக்கவும் (5 மதிப்பெண்)

பிப்ரவரி 3, செவ்வாய்

மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். என்னிடம் ஏழு வருடம் உதவியாளராக இருந்துவிட்டு, எனக்கு வரவேண்டிய நாற்காலியில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கும் பெண்மணி. இன்னமும் என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிடுகிறார். மரியாதை என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். குத்தல் என்று எனக்குத் தெரியும். (மனக்குறை எண் 1.)

மகளிர் நாளுக்குப் பதிப்பகத்தின் முன்கூடத்தில் ஆறு சாதனைப் பெண்களின் படங்களை மாட்டப் போகிறார்களாம். கணினியில் வரைந்து, ஆளுயரத்துக்கு அச்சடித்து. நான்தான் வரைய வேண்டுமாம்.

நான் பாடப்புத்தகத்துக்குச் சிறுநீரகம் வரைகிறவன். இதயம், தவளை, அவரை விதையின் குறுக்குவெட்டு. இருபத்து நான்கு வருடங்களில் நான் வரைந்த ஒரே பெண், பெண் கொசு.

“படப்பிரிவ மூடிட்டு உங்கள குடோனுக்கு மாத்தச் சொல்றாங்க சார். இது நல்லா வந்தா, மேல பேசறதுக்கு எனக்கு ஒரு பிடி கிடைக்கும்” என்றார்.

கிடங்கு! விலங்கியலில் முதுகலை, முதல் வகுப்பு. நான் போய்ப் புத்தகக் கட்டுகளுக்குக் காவல் இருப்பதா?

பிப்ரவரி 5, வியாழன்

பட்டியல் வந்தது. இந்த ஊரில் முதன்முதலாகப் பேருந்து ஓட்டிய பெண். ஆற்றுப் பாலத்துக்கு வெல்டிங் செய்த பெண். மல்யுத்த வீராங்கனை. முப்பது வருடம் மழையை அளந்து எழுதிவைத்த ஆசிரியை. ஒரு கணிதப் பேராசிரியர். ஒரு செவிலி.

இவர்களில் ஒருவர்கூட எனக்கு எந்தக் கெடுதலும் செய்ததில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

ஓட்டுநரை முடித்தேன். நீண்ட இமைகள், சிவந்த கன்னம், தொலைவை நோக்கும் விழிகள், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். திருப்தியாக இருந்தது. மனைவியிடம் காட்டியது என் தப்பு.

“யாருங்க இது? சோப்பு விளம்பரமா?”

“பஸ் ஓட்டுறவங்க.”

“ரோட்டப் பாக்கலையே! இந்த பஸ்ல நான் ஏற மாட்டேன்ப்பா. அதென்ன தலைக்குப் பின்னாடி லைட்டு? கண்ணாடியில பட்டு கண்ணு கூசாதா?”

பல் மருத்துவமனையில் வரவேற்பாளர் அவள். நாள் முழுக்க மற்றவர்கள் வாயைத் திறப்பதைப் பார்த்துப் பார்த்து, மூடுவது என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஒளிவட்டத்தை அழித்தேன். அவள் சொன்னதற்காக இல்லை.

பிப்ரவரி 12, வியாழன்

இமைகளையும் அழித்தேன். “நேர்ல பாக்காமயே வரையறீங்களே. கொசுவையாவது பாத்துட்டு வரைஞ்சீங்க” என்கிறாள். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

பதில் கிடைக்கவில்லை. பேருந்துப் பணிமனைக்குப் போனேன்.

ஓட்டுநர் அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தகர டப்பாவிலிருந்து வேர்க்கடலை தின்றுகொண்டே என் படத்தை மடிக்கணினித் திரையில் பார்த்தார்.

“மூஞ்சிய வரைஞ்சிருக்கீங்க. மூஞ்சி என்ன சார் பண்ணுச்சு? வண்டிய ஓட்டினது தோளு.”

பிறகு தானே ஒவ்வொன்றாகக் காட்டினார். ஜன்னல் விளிம்பில் வைத்து வைத்துக் கறுத்துப்போன வலது முழங்கை. தேய்ந்த குதிகால். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் யாரோ நடந்தால் கழுத்து தானாக அரை அங்குலம் திரும்புகிறது. அசல் தசைநார் வேலை! நான் எழுந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

“என்னா சார், மாடு வாங்க வந்தவரு மாதிரி பாக்குறீங்க?”

அசடு வழிந்தேன். ஆனால் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 26, வியாழன்

ஆறு பேரையும் நேரில் பார்த்தாயிற்று. மல்யுத்தக்காரரின் நசுங்கிய இடது காதுக்கு மட்டும் இரண்டு நாள் பிடித்தது. என் வாழ்நாளின் சிறந்த காது. பாராட்ட ஒரு நாதி இல்லை (மனக்குறை எண் 43).

என் படங்கள் எல்லாமே பிறப்பது பாடப்புத்தகத்தின் பழைய பயிற்சிப் பக்கக் கோப்பில்தான். அளவும் நிறங்களும் தயாராக இருக்கும். உறுப்புகளுக்குக் குறிப்புக் கோடு இழுத்து, அவர்கள் சொன்னதைக் கோட்டின் நுனியில் எழுதிவைத்துக்கொண்டு வரைந்தேன். இன்று அந்த எழுத்துகளை மட்டும் மறைத்துவிட்டு அச்சுக்கு அனுப்பினேன். ஒரு பிழை கிடையாது. இருபத்து நான்கு வருடத்தில் என் பக்கத்தில் ஒரு பிழை வந்ததாக எவனாவது சொல்லட்டும் பார்க்கலாம்.

மார்ச் 6, வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு.

மகளிர் நாள் ஞாயிற்றுக்கிழமை என்பதால் விழா இன்றே. காலை ஒன்பதரைக்கு முன்கூடத்தில் படங்களை மாட்டினார்கள். ஆறடி உயரம். நிமிர்ந்து பார்த்தேன் — ஐயோ — எழுத்தைத்தானே மறைத்தேன்? கோடுகளை யார் மறைப்பது? ஆறு பெண்களின் மேலும் முழங்கையிலிருந்து, காதிலிருந்து, கழுத்திலிருந்து வெறும் கோடுகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதுகூடப் பரவாயில்லை. ஒவ்வொரு படத்துக்கும் அடியில், பயிற்சிப் பக்கத்தில் வருகிற அதே கொட்டை எழுத்தில் —

பாகங்களைக் குறிக்கவும். (5 மதிப்பெண்)

சாதனைப் பெண்களுக்கு மரியாதையாம். பாகங்களைக் குறிக்கவுமாம். கிடங்கு என்ன கிடங்கு, என்னைக் கட்டிவைத்து அடித்தாலும் கேட்பதற்கு ஆள் கிடையாது.

மேலாளர் வந்து பார்த்தார். “சார்...” என்றார். கழற்ற ஏணி தேடினோம். ஏணி வருவதற்குள் விருந்தினர்கள் வந்துவிட்டார்கள். நிர்வாகக் குழுத் தலைவரும் கூடவே.

ஓட்டுநர் அம்மா தன் படத்தின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார். வாய்விட்டுப் படித்தார். எனக்குக் காதுக்குள் தேனீக்கூடு.

“அஞ்சு மார்க்கா! யாராச்சும் பேனா குடுங்கப்பா.”

தடித்த பேனாவை வாங்கி, முழங்கைக் கோட்டின் நுனியில் எழுதினார்: ‘பதினெட்டு வருச வெயில்.’ குதிகாலில்: ‘பிரேக்கு. ஒருத்தரையும் இடிச்சதில்ல.’ கழுத்தில் கொஞ்சம் யோசித்து: ‘பின்சீட்டுப் பேச்செல்லாம் இங்க வந்து நிக்கும்.’

அவ்வளவுதான். பேனாவுக்கு அடிதடி. மல்யுத்தக்காரர் காதுக் கோட்டில் ‘இத நசுக்கினவ இப்ப எனக்கு சம்பந்தி’ என்று எழுதிவிட்டுச் சிரித்த சிரிப்பில் சுவர் அதிர்ந்தது. மழை ஆசிரியை நிறுத்தி நிதானமாகக் கட்டை விரலில் எழுதினார்: ‘நனைந்தது 2,911 நாள்.’ கணிதப் பேராசிரியர் தன் நெற்றிக் கோட்டை அடித்துவிட்டு, வயிற்றுக்கு ஒரு புதுக் கோடு போட்டு ‘ஆய்வு முழுக்கப் பசியோடு நடந்தது இங்கே’ என்று எழுதினார். திருத்தம் சரிதான்.

“சார், அஞ்சுக்கு எவ்ளோ?” என்று ஓட்டுநர் அம்மா கேட்டார். ஐந்து என்றேன். குரல் எலி மாதிரி வந்தது.

தலைவர் மேலாளரிடம், “பிரமாதமா இருக்கும்மா. யார் யோசனை?” என்று கேட்டார்.

“சாரோட யோசனை” என்று என்னைக் காட்டினார் மேலாளர் அம்மா. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

மார்ச் 7, சனி

தூக்கம் பிடிக்கவில்லை. கேட்காமலே ஒருவருக்கு நல்லது செய்வது எவ்வளவு பெரிய அராஜகம்! (எண் 44.)

மார்ச் 9, திங்கள்

நேராகப் போய்ச் சொல்லிவிட்டேன். “அது யோசனை இல்ல மேடம். மறைக்க மறந்துட்டேன்.”

“தெரியும் சார்.”

“எப்படித் தெரியும்?”

“நீங்க எப்பவுமே மறப்பீங்க சார். உங்க சிறுநீரகம், தவளை எல்லாத்துலயும் அந்த அஞ்சு மதிப்பெண் வரி இருக்கும். உங்ககிட்ட இருந்த ஏழு வருசமும் நான்தான் அழிச்சேன்.”

“அப்புறம்... இந்த ஒன்பது வருசம்?”

“அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்துப் பாத்துடுவேன். இந்தத் தடவதான் விழாவுக்கு நாற்காலி தேடி அலைஞ்சதுல விட்டுட்டேன். சாரி சார்.”

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்!

இருக்கைக்கு வந்து பழைய கோப்புகளைத் திறந்தேன். தவளை — இருக்கிறது. இதயம் — இருக்கிறது. அவரை விதையில் இரண்டு தடவை இருக்கிறது. அச்சான புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் சுத்தம். பதினாறு வருடம். ஒரு வார்த்தை சொன்னதில்லை, எனக்கு எதிராகவும் சரி, தனக்காகவும் சரி.

மத்தியானம் சாப்பிடப் பிடிக்கவில்லை. மனைவியிடம் தொலைபேசியில் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: “அப்ப அந்தப் பொண்ண வரையுங்க.”

மார்ச் 10, செவ்வாய்

மேலாளரிடம் கேட்டேன். “நான் எதுக்கு சார்?” என்றார். கண்களுக்கு, கழுத்துக்கு, வலது மணிக்கட்டுக்குக் கோடு இழுத்துக் கொடுத்தேன். இன்னும் எழுதித் தரவில்லை. நேரம் இல்லையாம். நம்புகிறேன்.

மார்ச் 16, திங்கள்

படப்பிரிவு மூடப்படவில்லை. வேலை செய்கிற பெண்கள் பன்னிரண்டு பேரை வரையச் சொல்லி உத்தரவு. கையெழுத்து மேலாளருடையது. இன்றைய பாடப்புத்தகக் கோப்பை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் மூன்று தடவை பார்த்தேன். நான்காவது தடவை அவரும் பார்க்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 19, வியாழன்

கிடங்குக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை, நானாகவே போனேன். அங்கே முப்பத்தொரு வருடமாகக் கட்டு சுமக்கிற அம்மாவை வரைய வேண்டும். பார்த்ததும், “எட்டிப் பாக்குறதுக்கு இத்தன வருசமா தம்பி? கால மடக்கி உக்காரு, அந்தப் பக்கம் கூரை ஒழுகும்” என்றார். என்னைத் தம்பி என்று கடைசியாக யார் கூப்பிட்டார்கள் என்று ஞாபகமில்லை.

முதுகில் எந்த எலும்பு எந்தக் கட்டுக்கு வளைந்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் நிறுத்தி, “எத்தன நாள் ஆகும் தம்பி இது?” என்றார்.

ஒரு நாளில் முடிகிற வேலை.

நாலு நாள் ஆகும் என்றேன்.