வண்டிக்கு என்று எழுதிய கேன்

மேல் டிவிசன் லயம்,
டிக்கோயா.
வியாழன் இரவு

அன்பான அண்ணாவுக்கு,

தங்கை நிலக்ஷி கும்பிட்டு எழுதுவது. லோஜினி அண்ணி சுகம். வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகம். மற்றதைத் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். வீட்டில் இருப்பது அண்ணியின் போன் ஒன்றுதான். அண்ணிக்குப் பிரஷர் கூடியிருக்கிறது, பயப்படும்படியாக எதுவும் அவர் காதில் விழக்கூடாது என்று மிட்வைஃப் அம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள் கூப்பிட்டால் அண்ணி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அப்பா வாசலில் கால் கழுவுகிற மாதிரி நின்று கேட்டுக்கொண்டிருப்பார். நீங்கள் பேசி முடிக்கும்வரை அந்தக் கால் கழுவி முடியாது. நான் எப்படிச் சொல்ல?

ராசம்மா அத்தையின் மகன் வினோஜனுக்கு லீவு முடிந்துவிட்டது. நாளைக் காலையில் கட்டாருக்குப் புறப்படுகிறார். அவர் உங்கள் கேம்பில்தானே இருக்கிறார், அதனால் இதை அவரிடம் கொடுத்துவிடுகிறேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா இருமினால் டோர்ச்சை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். எழுத்து கோணலாகப் போயிருந்தால் அதுதான் காரணம்.

நீங்கள் அனுப்பிய கார்கோ பெட்டி வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தீர்கள். லோஜினிக்கு, நிலக்ஷிக்கு, பிள்ளைக்கு என்று. அப்பா பெட்டியின் அடிவரை கையை விட்டுப் பார்த்தார். கடைசியில் அந்த ஒயில் கேன் வந்தது. அதில் ‘வண்டிக்கு’ என்று எழுதியிருந்தது. அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமிப் படத்தட்டில் அம்மா படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். விளக்கு ஏற்றும்போதெல்லாம் அந்தக் கேனுக்கும் சாம்பிராணி காட்டினார். லயத்து வீடுகளிலிருந்து யார் வந்தாலும், “எம்மகன் அனுப்பினது. அரபிக்காரன் காருக்கு ஊத்துற ஒயில். அந்தக் காரு வெலைக்கு நம்ம தோட்டத்தையே வாங்கலாம்” என்று காட்டுவார். ராசம்மா அத்தை, “அப்ப வண்டிக்கு ஊத்தாதீங்கண்ணே, நம்ம தலைல தேச்சுக் குளிப்போம்” என்று சொல்ல, அப்பா எவ்வளவோ நாளைக்குப் பிறகு சிரித்தார்.

ஆட்டோவை அம்மா போன அந்த மழைக்காலத்திலிருந்து தறப்பாளுக்குக் கீழேதான் போட்டு வைத்திருந்தார். யாரையும் தொட விடவில்லை. அண்ணிக்கு நாள் நெருங்கிய பிறகுதான் டவுனில் கந்தப்பன் மாமாவின் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனார். அவர் சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டனும் புது ரிங்கும் போட்டு, சாதாரண ஒயில் ஊற்றிக் கொடுத்தார். கொஞ்ச நாளைக்கு மெதுவாக ஓட்டு, ஆள் ஏற்றாதே, பிறகு கொண்டு வா, நானே ஒயில் மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அப்பா கேனைக் காட்டி இதை ஊற்று என்றாராம். அவர் முடியாது என்றாராம். மற்ற டிரைவர்கள் முன்னால் பெரிய சண்டை. அப்பா வீட்டுக்கு வந்த கையோடு அந்த ஒயிலைக் கழற்றிச் சாக்கடைக் கானில் விட்டுவிட்டு, நீங்கள் அனுப்பியதை ஊற்றினார். ஊற்றும்போது வாயில் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்களுக்குத் தெரியும், நம் தோட்டத்தில் இன்ஜினைப் புதுசாகச் செய்தால் முதல் ஓட்டம் லயத்துச் சனத்தை ஏற்றிக்கொண்டு கோயில் மேட்டுக்குத்தான். வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்துப் புறப்பட்டோம். அண்ணி நடுவில், நான் ஓரத்தில், ராசம்மா அத்தை லயத்துப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு. மேட்டில் பாதி ஏறியிருப்போம். இன்ஜின் கத்துகிறது, ஆனால் வண்டி ஏறவில்லை. அப்பா இன்னும் முறுக்கினார். சத்தம்தான் கூடியது. பிறகு வண்டி மெல்ல மெல்லப் பின்னால் போகத் தொடங்கியது, அண்ணா. அப்பா பிரேக்கில் ஏறி நின்றார். நான் குதித்து டயருக்குக் கல் வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். “புதுப் பொண்ணு, வெக்கப்படுது” என்றார் அப்பா. அண்ணியும் சிரித்தார், இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் பிடரியில் வேர்வை ஓடியதைப் பின்னால் இருந்த நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் யாருக்கும் தெரியாமல் கந்தப்பன் மாமாவிடம் போனேன். என்னைக் கண்டதும், “என்ன புள்ள, அரபிக்காரன் வண்டி பறக்குதா?” என்று கேட்டார். மேட்டில் நடந்ததைச் சொன்னதும் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். நல்ல ஒயில்தான், ஆனால் காருக்கு என்றார். காரில் கிளச் தனியாக இருக்குமாம். நம் ஆட்டோவில் கிளச் தட்டுகள் அதே ஒயிலுக்குள்தான் ஊறிக் கிடக்குமாம். இந்த ஒயிலின் வழுவழுப்பில் தட்டுகள் பிடிக்காமல் வழுக்குமாம். சமதரையில் தெரியாது, ஏற்றத்தில் ஆள் இருந்தால் தெரியும் என்றார். புது இன்ஜினுக்கும் அது ஆகாதாம். “புது ரிங்கும் புது சிலிண்டரும் ஒன்னோட ஒன்னு ஒரசித்தான் பழகணும். கல்யாணம் கட்டுன புதுசுல சண்ட போட்டுத்தானே பழகுறாங்க? இந்த ஒயிலு ரெண்டையும் ஒரசவே விடாது” என்றார்.

அப்பாவிடம் வந்து சொல்லுங்கள் மாமா என்று அழுதேன். “நான் வந்து சொன்னா உங்கப்பன் அதுலயே இன்னும் கொஞ்சம் ஊத்துவான். அவன் என் வாசல்ல வந்து வண்டிய நிப்பாட்டட்டும். ஒரு வார்த்த பேசாம மாத்தித் தாரேன்” என்றார்.

அன்று மாலையே அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். கார் ஒயில் ஆட்டோவுக்கு ஆகாதாம்ப்பா என்று மட்டும்தான் சொன்னேன். அப்பா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். “ஒங்கண்ணன் தெரியாமயா அனுப்புவான்? இந்த வீட்ல இனிமே யாரும் ஒயிலப் பத்தி வாய் தொறக்கக் கூடாது” என்று மெல்லச் சொன்னார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

நானே கழற்றி ஊற்றிவிடலாமா என்றும் பார்த்தேன். நட்டைத் திருப்ப என் கைக்குப் பலம் போதவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததில்தான் எனக்குத் தாங்க முடியாத பயம். நேற்று அப்பா இரண்டு உர மூட்டையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தனியாகப் போனார். கேட்டதற்குப் பக்கத்து டிவிசனில் இறக்கவேண்டும் என்றார். இருட்டும் நேரம் மூட்டைகளோடுதான் திரும்பி வந்தார். முதுகெல்லாம் உரத்தூள். சட்டை தோளில் கிழிந்திருந்தது. அண்ணா, அப்பா அண்ணியின் பாரத்துக்கு மூட்டை ஏற்றி, பெரிய ரோட்டுக்கு ஏறும் அந்த வளைவில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். வண்டி ஏறவில்லை. மூட்டைகளை இறக்கி முதுகில் சுமந்து மேலே வைத்துவிட்டு, வெறும் வண்டியை ஏற்றியிருக்கிறார். வந்ததும் அண்ணியிடம், “வண்டி பறக்குதும்மா, நீ ஒன்னுக்கும் பயப்படாத” என்றார்.

அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ஒயிலைக் கழற்ற அவரால் முடியவில்லை.

மற்ற ஆட்டோக்காரர்கள் மலை யாத்திரைச் சீசனுக்கு நல்லதண்ணிக்குப் போய்விட்டார்கள். மண் சரிந்த பிறகு அம்புலன்ஸ் பெரிய ரோட்டோடு நின்றுவிடுகிறது. வலி எடுத்தால் அண்ணியை அந்த வளைவில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ஓரத்தில் தடுப்பு இல்லை, கீழே தண்ணீர்தான். மூட்டையை இறக்கிச் சுமந்த மாதிரி அண்ணியைச் சுமக்க முடியுமா?

அதே வளைவு, அண்ணா. அம்மாவுக்கு மூச்சு முட்டிய இரவு ஒயில் வற்றி இன்ஜின் இறுகி நின்ற இடம். நானும் அன்று வண்டியில் இருந்தேன். அப்பா அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பெரிய ரோட்டுக்குப் போகும்முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அதை நீங்கள் பார்க்கவில்லை. சாவு வீட்டுக்கு வந்து எல்லோர் முன்னாலும், “ஒரு போத்தல் ஒயில் பாத்து ஊத்தியிருந்தா எங்கம்மா இருந்திருக்கும்” என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். அதன் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியே கட்டாருக்குப் போய்விட்டீர்கள். அது சரியா பிழையா என்று கேட்க எனக்கு வயதில்லை. அதற்குப் பிறகு உங்களிடமிருந்து அப்பாவுக்கு வந்தது அந்தக் கேன் ஒன்றுதான். அதை எப்படி அவர் கானில் ஊற்றுவார்?

அதனால் நீங்கள்தான் சொல்லவேண்டும். கார் ஒயிலைத் தெரியாமல் அனுப்பிவிட்டேன், கந்தப்பன் மாமாவிடம் போய் உடனே மாற்றுங்கள் என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அப்பா தலையை நிமிர்த்திக்கொண்டு அந்த வாசலுக்குப் போவார். நான் எழுதியதாகச் சொல்லவேண்டாம். அண்ணிக்கும் தெரியவேண்டாம்.

அண்ணா, ஒயிலைப் பற்றி முதலில் எடுத்துவிடாதீர்கள். முதலில் அப்பா என்று கூப்பிடுங்கள். சாப்பிட்டீங்களா என்று கேளுங்கள். பிறகு சொல்லுங்கள்.

இதோ அப்பா எழும்பிவிட்டார். டோர்ச்சை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து எழுதுகிறேன். கதவிடுக்கால் பார்த்தேன், வெளியே போய் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருக்கிறார். ஸ்டார்ட் பண்ணவில்லை. பிரேக்கில் கால் வைத்தபடி இருக்கிறார். அண்ணி தூக்கத்தில் முனகுகிறார். ஒவ்வொரு முனகலுக்கும் அப்பா திரும்பிப் பார்க்கிறார்.

வினோஜன் இதைக் கொடுத்த உடனே கூப்பிடுங்கள். வேலை முடியட்டும் என்று இருக்காதீர்கள். பிள்ளை பிறந்த பிறகு கூப்பிடலாம் என்று இருந்துவிடாதீர்கள். அந்த முருகன் உங்களையும் நம் எல்லோரையும் காப்பாற்றட்டும். அண்ணி போனை எடுத்ததும், ஸ்பீக்கரில் போடாமல் அப்பாவின் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் காதில் வைத்துக் கேட்கட்டும்.

உங்கள் வழி பார்த்திருக்கும் தங்கை,
நிலக்ஷி