சிவப்பு மூடிகள்

மார்ச் 4, செவ்வாய்

வாராந்தரக் கூட்டம். எங்கள் இயக்குநருக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'சரிவு'. வரைபடத்தில் கோடு இறங்கினால் அவர் முகம் மலரும். "இந்த மாசமும் புது வகை வைரஸ் ஒண்ணுகூட இல்ல!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எதற்கு? தேடாமல் இருந்ததற்கா?

மார்ச் 6, வியாழன்

சந்தேகம் தாங்காமல் கீழ்த்தளப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். தொற்று உள்ள சளி மாதிரியை எந்திரத்தில் வைத்தால் திரையில் மூன்று கோடுகள் எழும்ப வேண்டும். மூன்றும் எழும்பியவைதான் மரபணு வரிசை படிக்க மாடிக்கு, என்னிடம் வரும். அங்கே ஒரு தட்டு நிறைய குழாய்கள் ஒதுங்கிக் கிடந்தன. மூடிகளில் சிவப்பு மை.

கூடப் பொறுப்பாளர் சுத்தப் பைத்தியம். மேசையை மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அதெல்லாம் கெட்டுப்போன மாதிரிங்க மேடம். ரெண்டு கோடுதான் வருது. மேல அனுப்பினா நம்ம கூடத்தோட தர மார்க் குறையும். டெஸ்ட் கிட்டு சரியில்ல போல."

கிட்டு சரியில்லையாம்! எல்லாவற்றிலும் அதே ஒரு கோடுதான் காணாமல் போகிறது. வைரஸ் அந்த இடத்தில் உருமாறியிருந்தால் வேறு எப்படி இருக்கும்? புது மீனாகப் பார்த்துப் பார்த்து வெளியே எறிந்துவிட்டு, குளத்தில் புது மீனே இல்லை என்று அறிக்கை விடுகிறோம். அறிக்கையை எழுதுகிற மகராசி நான்தான்.

மார்ச் 7

சிவப்பு மூடிகளை யாரையும் கேட்காமல் மாடிக்குக் கொண்டுவந்து, மரபணு வரிசை படிக்கும் எந்திரத்தில் ஏற்றிவிட்டேன். கேட்டால் குழு போடுவார்கள்.

மார்ச் 10, திங்கள்

ஒன்று விடாமல் எல்லாம் ஒரே வகை. நாங்கள் இதுவரை பார்க்காத வகை.

சரிவிடம் ஓடினேன். "மொதல்ல கிட்டு கம்பெனிக்கு ஒரு மெயில் போடுவோம்" என்றார்.

"சார், ஆஸ்பத்திரில இனி மாஸ்க் வேண்டாம்னு நாளன்னைக்கு உத்தரவு வருது. நம்ம அறிக்கையை நம்பித்தான்."

"அவசரப்பட்டா பீதி கிளம்பும்மா. இதை அடுத்த மாச அறிக்கைல சேத்துக்கலாம். இப்போ 'புதுசா ஒண்ணும் இல்ல'ங்கற இந்த மாச அறிக்கைல கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். ஊரையே நக்கலடிக்கிற வாய் அங்கே மட்டும் ஒட்டிக்கொண்டது. சீ.

மார்ச் 11

அக்காவுக்கு போன் செய்தேன். டயாலிசிஸ் வார்டில் நர்ஸ். சிறுநீரகம் போனவர்கள் ஒரே அறையில் மணிக்கணக்காகப் படுத்திருப்பார்கள். சாதாரணச் சளியையே தாங்க மாட்டார்கள். உத்தரவு வந்தாலும் மாஸ்க்கைக் கழற்றாதே என்றேன். "ம்" என்றாள். அவ்வளவுதான். வாயில்லாப் பூச்சி. ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லுகிற ஜென்மம். அவளா உத்தரவை மீறப் போகிறாள்?

மார்ச் 12

உத்தரவு வந்துவிட்டது. தொலைக்காட்சியில் ஒரே பல்வரிசை.

மார்ச் 19, புதன்

அக்காவுக்கு மெமோ! வார்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மாஸ்க் இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடவில்லையாம். பெரிய டாக்டரையே திருப்பி அனுப்பியிருக்கிறாள். 'பீதி கிளப்பியதற்கு விளக்கம் தருக.' மாமா போனில் புலம்புகிறார்: "வீட்ல ஒரு வார்த்தை பேச மாட்டாளேம்மா!"

"என்ன தைரியத்துலக்கா செஞ்சே?"

"நீதானே சொன்னே?"

நான் சொன்னேன். சொல்லிவிட்டு மறுபக்கம் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். அது அவளுக்குத் தெரியாது.

மார்ச் 27

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து மாதிரிகள் வந்தன. எலும்பு முறிவு வார்டில் பாதிக்கு மேல் இரண்டு கோடு.

ஏப்ரல் 3, வியாழன்

உத்தரவு ரத்து. சரிவு தொலைக்காட்சியில் தோன்றி, "எங்க கண்காணிப்பு முறையால உடனுக்குடன் கண்டுபிடிச்சோம்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும்போதும் டை கோணாமல் இருந்தது.

எலும்பு முறிவு வார்டில் நான்கு பேர் போய்விட்டார்கள். இடுப்பு ஒடிந்து வந்தவர்கள். இந்நேரம் ஊன்றுகோல் பிடித்து நடந்திருப்பார்கள்.

டயாலிசிஸ் வார்டில் ஒருவருக்கும் தொற்று இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

உத்தரவு ரத்தானாலும் மெமோ ரத்தாகவில்லை! அக்கா கேட்டாள்: "இன்னிக்குள்ள விளக்கம் குடுக்கணுமாம்டீ. என்ன எழுதட்டும்?"

"தங்கச்சி சொன்னான்னு எழுது. என் பேர், பதவி, ஆபீஸ் எல்லாம் போடு. மார்ச் பத்தாம் தேதியே கண்டுபிடிச்சு இயக்குநர்கிட்ட சொன்னா, அப்புறம் ஒண்ணும் இல்லேன்னு கையெழுத்துப் போட்டான்னும் எழுது. முடிவெல்லாம் அனுப்பறேன், சேத்துக் குடு."

"நீ கையெழுத்துப் போட்டியா?"

"ம்" என்றேன்.

"உன் வேலை போயிடாதா?"

முடிவுகளை அனுப்பிவிட்டேன். ஒரு பிரதி சரிவுக்கும்.