டீசலா பெட்ரோலா என்று அம்மனிடம் கேட்டோம்

என் அன்பு அப்பாவுக்கு,

நாளை உங்களுக்கு முதல் திதி. உங்கள் கறுப்புக் கார் இன்னும் தகரக் கொட்டகையில்தான் நிற்கிறது. பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. இன்ஜின் பிளாக்கில் விரிசல், வெல்டிங் வைத்தாலும் நிற்காது என்று சொல்லி, தேனி மெக்கானிக் இன்ஜினை இறக்கி மூன்று மாதம் ஆகிறது. அந்தக் காருக்கு அசல் இன்ஜின் இனி எங்கேயும் கிடைக்காதாம்.

வேறு இன்ஜின்தான் மாட்ட வேண்டும் என்றார். அவரிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று, பழைய அம்பாசடரிலிருந்து இறக்கிய பெட்ரோல் இன்ஜின். இன்னொன்று, வேனில் ஓடிய டீசல் இன்ஜின்.

சித்தப்பாவுக்கு டீசல் வேண்டும். காரை வாடகைக்கு விட்டு, குமுளி மலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றலாம் என்பது அவர் திட்டம். அம்மாவுக்குப் பெட்ரோல் வேண்டும். போடியிலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், காரைச் சத்தமில்லாமல் ஓடுகிற மாதிரி ஆக்கிப் பெண்ணோடு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

டீசல் என்றால் கார் சித்தப்பாவுக்கு. பெட்ரோல் என்றால் கார் போடிக்கு, அதோடு நானும். மதுரையில் பி.எட். படிக்க எனக்கு இடம் கிடைத்திருக்கிறது, அப்பா. அந்தக் கடிதம் என் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கேட்டவர் மெக்கானிக் ஒருவர்தான், அதுவும் இன்ஜினைப் பற்றி. "ஏந் தாயி, வண்டி ஒம் பேருலதான இருக்கு. நீ சொல்லு, எத மாட்ட?"

எனக்கு விடை தெரியும். டீசல் இன்ஜின் கனம். முன்பக்கம் அமுங்கிவிடும். அதன் அதிர்வில், நீங்கள் பார்த்துப் பார்த்துச் சரி செய்த கதவுகள் ஒரு வருடத்தில் ஆட்டம் கண்டுவிடும். உங்கள் வண்டிக்குப் பெட்ரோல்தான் சரி. ஆனால் அந்த வார்த்தையை நான் சொன்னால், அது போடிக்குச் சம்மதம் சொன்னதாக ஆகிவிடும். டீசல் என்று சொன்னால் வண்டிக்குத் துரோகம்.

சித்தப்பா சிரித்தார். "அதுகிட்டப் போயிக் கேக்குறீகளே. மூணு வருசம் காலேசுக்குப் போயி மூணு வார்த்த பேசத் தெரியல."

"எதுக்கு வம்பு? அம்மன்கிட்டப் பூக் கேட்டுப் பாத்துருவோம்," என்றார் அம்மா. நம் ஊரில் கல்யாணத்துக்கும் கிணறு வெட்டுவதற்கும் கேட்கிற மாதிரி, இன்ஜினுக்கும் கேட்பது என்று முடிவானது. வெள்ளை அரளி வந்தால் பெட்ரோல், சிவப்பு வந்தால் டீசல். பூக்களைத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எந்தப் பக்கமும் சாயாதவள் நான்தானாம்.

கோயிலுக்குப் பின்னால் போய் இரண்டு பூவையும் தாளில் மடித்தேன். வெள்ளையும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம் என்று சொல்ல அம்மனுக்குக்கூட வழி வைக்கவில்லையே என்று தோன்றியது. பூக்களை எடுத்துப் போட்டுவிட்டு, இரண்டு தாளிலும் வேப்பிலையை வைத்துக் கட்டினேன்.

பூசாரி பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தார். வேப்பிலை. மற்றதையும் பிரித்தார்.

"கட்டுனது யாரு?"

"எம் மகதாங்க," என்றார் அம்மா.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். சித்தப்பாதான் பதில் சொன்னார். "அது வாயில்லாப் பூச்சிங்க. அதுக்கு அம்புட்டுத் துணிச்சல் ஏது? ஆத்தா உத்தரவு குடுக்கல, அம்புட்டுத்தான்."

"அப்ப ஆவணி வரைக்கும் பொறுங்க. பெறகு கேட்போம்," என்றார் பூசாரி.

தப்பித்தேன் என்று நினைப்பீர்களா, அப்பா? கல்லூரியில் சேரக் கடைசி நாள் ஆவணிக்கு முன்னால் வருகிறது. யாராவது ஒருவர் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இவளால் ஒன்றும் ஆகாது என்ற அவர்களின் நம்பிக்கைக்குள் ஒளிந்துகொண்டேன். இப்போது அதிலிருந்து வெளியே வர வழி தெரியவில்லை.

கோயிலிலிருந்து திரும்பும்போது அம்மா சொன்னார்: "ஒங்கப்பா இருந்திருந்தா ஒன்னியக் கேட்டிருப்பாக."

கேட்டிருப்பீர்களா? காரை என் பேரில் எழுதினீர்கள். அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னீர்கள். எழுதுவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு நான் தரையைத்தான் பார்த்திருப்பேன். கோபமாக எழுதவில்லை, அப்பா. உங்களிடம்தான் இதைச் சொல்ல முடிகிறது.

நாளை படையலுக்குச் சித்தப்பா வருகிறார், சொந்தக்காரர்கள் எல்லாரும் வருகிறார்கள். இலை போடுவதற்கு முன்னால் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் நின்று இந்தக் கடிதத்தை நானே வாசிப்பேன். வேப்பிலையைப் பற்றி எழுதிய இடத்தைத் தாண்டிப் போக மாட்டேன். அம்மா அழுவார். சித்தப்பா கத்துவார். என் குரல் நடுங்கும், நடுங்கட்டும். வாசித்து முடித்ததும், மெக்கானிக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வேன்.

வண்டிக்குப் பெட்ரோல். எனக்கு மதுரை.

நீங்கள் வண்டியை எழுதிவைத்த,
உங்கள் மகள்